மாடல் நம்பருக்குள் ஒரு வரலாறு

நம் கல்லூரிக் கணினி ஆய்வகத்துக்கு முன்னாள் மாணவர்கள் சிலர் சேர்ந்து ஒரு நெட்வொர்க் சுவிட்ச் வாங்கிக் கொடுத்தோம். 24 போர்ட். கூரையில் பொருத்திய வைஃபை பெட்டிகளுக்கு, டேட்டா போகும் அதே கேபிள் வழியாக மின்சாரமும் போக வேண்டும் என்பது ஏற்பாடு. திறப்பு விழாவுக்கு முதல் நாள் சாயங்காலம் ஆய்வக உதவியாளர் வந்து நின்றார். "சார், எல்லாக் கேபிளும் மாட்டியாச்சு. மேல ஒரு லைட்டு கூட எரியல."

பெட்டியைத் திருப்பிப் பார்த்தோம். மின்சாரம் தரும் வகைக்கு உரிய 'பி' என்ற எழுத்து மாடல் நம்பரில் இல்லை! கொட்டேஷனில் முழு நம்பரும் தெளிவாகத்தான் அச்சாகியிருந்தது. கையெழுத்துப் போட்ட ஐந்து பேரில் ஒருவர்கூட அதைப் படிக்கவில்லை. 24 என்பதைப் பார்த்தோம், விலை குறைவு என்று சந்தோஷப்பட்டோம், அவ்வளவுதான். தப்பு எங்களுடையதே. அந்த வெட்கத்தில் தேடிப் படித்ததைத்தான் இந்த மலரில் பகிர்ந்துகொள்கிறேன்.

நம்பரைப் படிப்பது நமக்குப் புதிதல்ல. வண்டியில் டி.என்.46 என்று இருந்தால் பெரம்பலூர், 61 என்றால் அரியலூர். போன் வந்தால் 04328, 04329, 04331 என்ற தொடக்கத்தைப் பார்த்தே பெரம்பலூரா, அரியலூரா, ஜெயங்கொண்டமா என்று சொல்லிவிடுவோம். ஆனால் 61 என்பது 46-ஐ விடப் பெரிது, ஆகவே அரியலூர் பெரிய ஊர் என்று யாராவது சொன்னால் சிரிப்போம் அல்லவா? அந்த எண் அளவு அல்ல, அடையாளம். நெட்வொர்க் சாதனங்களில் மட்டும் இந்த வித்தியாசத்தை மறந்துவிடுகிறோம்.

ஆரம்பத்தில் பல பெயர்கள் அளவையே சொல்லின. 1984-ல் தொடங்கப்பட்ட சி-டாட் நிறுவனம், கிராமங்களுக்கென்று ஒரு சிறிய தானியங்கித் தொலைபேசி நிலையத்தை உருவாக்கியது. 1986-ல் கர்நாடகத்தின் கிட்டூரில் முதன்முதலாக அது இயங்கத் தொடங்கியது. ஏ.சி. அறை இல்லாமல், வெயிலிலும் புழுதியிலும் வேலை செய்ய வேண்டும் என்றே வடிவமைத்த பெட்டி. பெயர் 128 போர்ட் ஆர்.ஏ.எக்ஸ், அதாவது ரூரல் ஆட்டோமேடிக் எக்ஸ்சேஞ்ச். யாருக்காக, எதற்காக, எவ்வளவு என்ற மூன்றும் பெயரிலேயே வந்துவிட்டன. ஆனாலும் 128 என்பது 128 வீட்டுக்குப் போன் என்று அர்த்தமல்ல. வெளியூர் எக்ஸ்சேஞ்சோடு இணைக்கும் டிரங்க் லைன்களும் அந்தப் போர்ட்டுகளில்தான் வர வேண்டும். ஆக, அளவு சொல்லும் பெயரிடமும் "எதோட அளவு?" என்று ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்.

கேபிள் பெயர்களும் இப்படித்தான். 10பேஸ்5 என்றால் நொடிக்கு 10 மெகாபிட் வேகம், ஒரு நீளக் கேபிள் 500 மீட்டர் வரை. பிறகு வந்த மெல்லிய கேபிளுக்கு 10பேஸ்2 என்று பெயர். 90-களில் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்: கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் ஒரு 'டி' கனெக்டர், கடைசியில் ஒரு டெர்மினேட்டர், அதை யாராவது கழற்றிவிட்டால் லேப் மொத்தமும் அவுட்! அந்த 2, 200 மீட்டரைக் குறிக்கிறது. உண்மையில் அனுமதி 185 மீட்டர்தான். எண்ணை மேல்நோக்கி முழுமையாக்கும் பழக்கம் அன்றே வந்துவிட்டது.

இங்கே ஒரு நம்ம நாட்டுப் பெயரையும் சொல்ல வேண்டும். 1990-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஈதர்சுவிட்ச் இ.பி.எஸ்.-700 தான் ஈதர்நெட் சுவிட்சுகளுக்கு முன்னோடி. 7 போர்ட், ஆகவே 700. அதைச் செய்த நிறுவனத்தின் பெயர் கல்பனா! நிறுவியவர்களில் ஒருவரான வினோத் பரத்வாஜ் தன் மனைவியின் பெயரையே வைத்தார். 1994-ல் சிஸ்கோ அந்த நிறுவனத்தை வாங்கிக்கொண்டது.

அடுத்து வந்தவை குடும்பப் பெயர்கள். நாவெல் நிறுவனத்தின் நெட்வொர்க் கார்டுகள் என்.இ.1000, என்.இ.2000. என்.இ. என்பது நாவெல் ஈதர்நெட். 2000 என்பது இரட்டை வேகம் அல்ல. முதலாவது 8 பிட் கார்டு, அடுத்தது 16 பிட் கார்டு, இரண்டுக்கும் ஈதர்நெட் வேகம் அதே 10 மெகாபிட்தான். பிறகு ஊர் பேர் தெரியாத கம்பெனி கார்டுகளெல்லாம் "என்.இ.2000 கம்பாட்டிபிள்" என்று வந்தன. ஒரு கம்பெனியின் மாடல் நம்பர் ஒரு ஜாதிப் பொருளுக்கே பெயராகிவிட்டது! சிஸ்கோ 2500 வரிசையில் 2501, 2511 என்ற ரௌட்டர்கள் இருந்தன. இரண்டிலும் ஒரு ஈதர்நெட், இரண்டு சீரியல். 2511-ல் கூடுதலாக, மோடம்களை இணைக்க 16 இணைப்புகள். 11 என்ற எண்ணை எப்படிப் பார்த்தாலும் 16 வராது. அது வீட்டுக் கதவு நம்பர் மாதிரி. உள்ளே எத்தனை பேர் என்று அது சொல்லாது.

மூன்றாவது வகை விளம்பரப் பெயர். லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூ.ஆர்.டி.54ஜி ரௌட்டரில் 54 என்பது மெகாபிட் வேகம், ஜி என்பது 802.11ஜி என்ற தரம். இதுவரை நேர்மை. பின்னால் வந்த 'ஏ.சி.1200' வகையைப் பாருங்கள். ஒரு அலைவரிசையில் 300, இன்னொன்றில் 867, கூட்டினால் 1167, அதையும் உயர்த்தி 1200. ஒரு போன் ஒரு நேரத்தில் ஒரு அலைவரிசையில்தான் பேசும். அப்புறம் 1200 எங்கே கிடைக்கும்? இரண்டு பஸ்ஸின் வேகத்தைக் கூட்டி, "திருச்சிக்கு அரை மணியில போயிடலாம்" என்று சொல்வது போலத்தான் இது. இந்த எழுத்துக் குழப்பம் தாங்காமல்தான் 2018-ல் வைஃபை கூட்டமைப்பு வைஃபை 4, 5, 6 என்று எளிய எண்களைக் கொண்டுவந்தது.

இன்னொரு வலையும் உண்டு: பெயர் அதே, பொருள் வேறு. அதே 54ஜி ரௌட்டரின் 5-ஆம் வெர்ஷனில் நினைவகத்தைப் பாதியாகக் குறைத்தார்கள். உள்ளே இருந்த லினக்ஸையும் மாற்றினார்கள். பெயரை மட்டும் மாற்றவில்லை. அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் உள்ள வெர்ஷன் எண்ணைப் பார்த்தால்தான் தெரியும். நம் மண்ணுக்காரர்களுக்கு இது உடனே புரியும். 1995-ல் திருச்சியிலிருந்து பிரிந்த பெரம்பலூர் மாவட்டத்தில் அரியலூர் இருந்தது. 2001-ல் அரியலூர் தனி மாவட்டம். 2002-ல் மீண்டும் பெரம்பலூரோடு. 2007-ல் மறுபடி தனி. ஒரு பழைய காகிதத்தில் 'பெரம்பலூர் மாவட்டம்' என்று இருந்தால், தேதியையும் சேர்த்துப் படித்தால்தான் எந்தப் பெரம்பலூர் என்று தெரியும். தேதிதான் அதன் வெர்ஷன் நம்பர்.

இப்போது படிக்கும் தம்பி, தங்கைகளே! பயிற்சிக்கு சிஸ்கோவின் ஒரு பழைய மாடல்: டபிள்யூ.எஸ்.-சி2960-24பி.சி.-எல். 2960 குடும்பம். 24 போர்ட் எண்ணிக்கை. அடுத்து வரும் 'பி', கேபிள் வழியே மின்சாரம். கடைசி 'எல்', உள்ளே இருக்கும் மென்பொருளின் வகை. அதே இடத்தில் 24டி.டி.-எல் என்று இருந்தால் மின்சாரம் கிடையாது. இதை மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. ஒரு கம்பெனியின் எழுத்து இன்னொரு கம்பெனிக்குப் பொருந்தாது. நம்பரைத் துண்டு துண்டாகப் பிரித்து, "இது அளவா, அடையாளமா, விளம்பரமா? எந்த வெர்ஷன்?" என்று கேளுங்கள். தெரியாத துண்டுக்கு அந்தக் கம்பெனியின் டேட்டா ஷீட்டைப் பாருங்கள். அதுவரைக்கும் கையெழுத்துப் போடாதீர்கள்.

எங்கள் சுவிட்ச் வீணாகவில்லை. லேபில் உள்ள கம்ப்யூட்டர்களை இணைக்க அதையே பயன்படுத்திக்கொண்டார்கள். கூரைப் பெட்டிகளுக்குத் தனியாக மின் இணைப்புக் கருவிகள் வாங்க மறுபடி வசூல் செய்தோம். கொடுத்த நண்பர்களுக்கு நன்றி. அடுத்த முறை கொட்டேஷன் வரும்போது அதை முதலில் மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வதாக இருக்கிறோம். அவர்கள் ஓ.கே. சொன்ன பிறகுதான் பெரியவர்கள் பேனாவை எடுப்போம்!