முள்ளால் தைத்த துணி

திருவண்ணாமலைக்குச் செல்லும் நம்மில் பெரும்பாலோர் மலையைக் கிழக்கிலிருந்தே பார்க்கிறோம். அங்கே ராஜகோபுரமும் கடைத்தெருவும் முந்திக்கொள்ள, மலை பின்னணியாகிவிடுகிறது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் ஏறக்குறையப் பாதி தூரம் நடந்து, மேற்கே அடி அண்ணாமலையை அடையும்போது இவ்வரிசை மாறுகிறது. கோயில் சிறியது, அதன் பின்னே எழும் மலையே பெரியது. மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடிய தலம் இதுவென்பது மரபு. மலையே லிங்கம் என்ற நம்பிக்கை இங்கு நின்று பார்ப்பவருக்கு எளிதில் புரியும். அப்படியானால் அந்த லிங்கத்தின் மேல் மனிதன் எவ்வாறு வாழ்வது?

இக்கேள்விக்கு நம் காலத்துக்கு அண்மையில் வாழ்ந்து விடை சொன்னவர் ரமணர். 1896 செப்டம்பர் 1 அன்று பதினாறு வயதில் இவ்வூருக்கு வந்தவர், கையிலிருந்த சில ரூபாய்களை அய்யன்குளத்தில் எறிந்தார். வேட்டியைக் கிழித்துக் கோவணமாக்கிக்கொண்டார். 1950 ஏப்ரல் 14 அன்று மறையும் வரை அவருடைய உடை அதற்குமேல் பெரிதாக வளரவில்லை. மலைவாசத்தின் போது கிழிந்த துணியை, அதிலிருந்தே நூலை உருவி, முள்ளை ஊசியாக்கித் தைத்துக்கொண்டார் என்று ஆசிரம நூல்கள் சொல்கின்றன.

இதை வறுமை என்று கொள்வது பிழை. 1922க்குப் பின் மலையடிவாரத்தில் ஆசிரமம் வளர்ந்து, அன்பர்களும் பொருளும் வந்து சேர்ந்த பிறகும் அவர் பழக்கம் மாறவில்லை. கடிதங்களில் எழுதப்படாத பகுதிகளைக் கத்தரித்துச் சேர்த்துக் குறிப்பேடாகத் தைப்பார். விடியலுக்கு முன்பே அடுக்களையில் காய் நறுக்குவார். சிந்திய அரிசி மணிகளையும் பொறுக்கி எடுப்பார். பந்தியில் எல்லோருக்கும் கிடைக்காத பண்டம் தமக்கும் வேண்டாம் என்பார். கிடைக்காததால் விடுவது வேறு, கிடைத்தும் தேவைக்குமேல் தொடாதிருப்பது வேறு. அவருடையது இரண்டாம் வகை.

இந்த அடக்கம் மனிதரோடு நின்றுவிடவில்லை. மலைப்புதரில் குளவிக்கூடு ஒன்றில் தொடை பட்டுவிட, கலைத்தது தாமே என்று எண்ணி, குளவிகள் கொட்டித் தீர்க்கும்வரை அசையாது நின்றார். மாம்பழம் பறிக்க வந்தவர்கள் கோலால் அடித்து இலைகளை உதிர்த்தபோது கடிந்துகொண்டார். பாம்புகளைக் கொல்ல விடவில்லை. அவற்றின் இடத்திற்கு நாம்தான் வந்திருக்கிறோம் என்பது அவர் வாதம். இயற்கை நமது உடைமை என்ற எண்ணத்தையே இவ்வாதம் தலைகீழாக்குகிறது: மலை உரிமையாளர், நாம் விருந்தினர்.

விருந்தினர் முறையை நாம் காக்கவில்லை. விறகுக்காகவும் மேய்ச்சலாலும் இருபதாம் நூற்றாண்டில் மலை மொட்டையாயிற்று. மரம் போன இடத்தில் வளர்ந்த புல், கோடையில் காய்ந்து தீப்பற்ற, முளைத்த கன்றுகளும் கருகின. 1988இல் அண்ணாமலை மறுகாடு வளர்ப்புச் சங்கம் தோன்றியது. அதன் பின்னும் பலர் கூடி ஆண்டுதோறும் மழைக்காலத்தில் கன்று நட்டும், கோடைக்கு முன் புல்லை வெட்டித் தீத்தடுப்புக் கோடுகள் அமைத்தும் வருகிறார்கள். இன்று சரிவுகளில் தெரியும் பசுமை பெரும்பாலும் அவ்வுழைப்பின் பயனே.

ஆயினும் அடிவாரத்தில் வீடுகள் சரிவை நோக்கி ஏறிச் சென்றன. 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயலின் பெருமழையில் மண்ணும் பாறையும் சரிந்து வ.உ.சி. நகரில் ஏழு பேர் மடிந்தனர். அவர்களில் குழந்தைகளும் இருந்தனர். இறந்தவர்கள் மீது நாம் குற்றம் சுமத்தலாகாது. மலையடியில் இடம் தேடி ஒதுங்குவோர் பெரும்பாலும் வேறிடம் வாங்க இயலாதவர்கள். அடக்கம் வேண்டுவது அவர்களிடமன்று. நிலத்தை மனையாக்கி விற்போரிடமும், மலையைத் தரிசித்துவிட்டுக் குப்பையை விட்டுச்செல்லும் நம்மிடமுமே.

பௌர்ணமிதோறும் இலட்சக்கணக்கானோர் இம்மலையை வலம் வருகிறோம். அடி அண்ணாமலையில் சற்று நின்று, தோளில் கிடக்கும் துணியைக் கவனித்துப் பார்க்கலாம். அது கிழிந்தால் தைப்போமா, எறிவோமா?