32 மாதம்: டிபி53 பிறழ்வின் முன்கணிப்பு குறித்து ஒரு மறுவாசிப்பு

நாள்பட்ட லிம்போசைட்டிக் லுக்கீமியாவில், டிபி53 மரபணு அமைந்துள்ள 17ஆம் குரோமோசோமின் குறுங்கைப் பகுதியை (17பி) இழந்தவர்களின் இடைநிலை வாழ்நாள் 32 மாதம் என்று டோனர் குழுவினர் 2000இல் வெளியிட்டனர். அந்த எண் பிறழ்வுக்கே உரிய நிலையான குணம்போல இன்றுவரை எடுத்தாளப்படுகிறது. இந்த வாசிப்பு பிழையானது என்று கருதுகிறேன். பிறழ்வும் அன்றைய மருந்தும் சேர்ந்து தந்த விளைவையே அந்த எண் காட்டுகிறது.

மூலத்தையே பார்ப்போம். ஆய்வுக்கு உட்பட்டோர் 325 பேர். 17பி இழப்பு 7 சதவீதத்தினரிடம், அதாவது ஏறத்தாழ 23 பேரிடம் இருந்தது. 13கியூ இழப்பு மட்டும் உடையவர்களின் 133 மாதத்துக்கு எதிரே வைத்துப் பேசப்படும் 32 மாதம் இந்தச் சிறு குழுவிலிருந்து பெறப்பட்டதே. மேலும், அங்கே பயன்பட்டது ஃபிஷ் சோதனை. குரோமோசோம் துண்டு போகாமல் டிபி53 மட்டும் பிறழ்ந்திருந்தால் அச்சோதனையில் தெரியாது. அத்தகையோர் 'நல்ல' குழுக்களிலேயே எண்ணப்பட்டிருப்பர். இவ்விரண்டு காரணங்களுக்காக முடிவைத் தள்ளிவிட முடியாது என்பதை ஒப்புகிறேன். பிற மையங்களின் முடிவுகளும் அதே திசையில்தான் இருந்தன.

பெரிய சிக்கல் மருந்தில் இருக்கிறது. குளோராம்பியூசில், ஃப்ளூடராபைன் போன்ற அக்கால மருந்துகள் செல்லின் டிஎன்ஏவைச் சிதைப்பவை. அந்தச் சிதைவை, டிபி53 மரபணு தரும் பி53 புரதம் உணர்ந்து செல்லை மடியச் செய்தால்தான் அவை முழுப் பயன் தரும். அப்புரதமே கெட்டுவிட்டால் மருந்து ஏறியும் செல் பிழைத்துக்கொள்கிறது. வெனெட்டோகிளாக்ஸ் அந்தப் படியைத் தாண்டிச் சென்று பிசிஎல்2 புரதத்தை நேராகத் தடுக்கிறது. 2018இல் வெளிவந்த முரானோ ஆய்வில், 17பி இழந்தவர்களில் பெண்டமஸ்டினும் ரிட்டுக்சிமாபும் பெற்றோரில் ஈராண்டு நோய் முற்றாமல் இருந்தவர்கள் 27.8 சதவீதம், வெனெட்டோகிளாக்ஸும் ரிட்டுக்சிமாபும் பெற்றோரில் 81.5 சதவீதம். பிறழ்வு இரு தரப்பிலும் ஒன்றே.

புதிய மருந்துகளிலும் டிபி53 பிறழ்ந்தவர்களுக்கு நோய் விரைவில் திரும்புகிறதே என்பர். வெனெட்டோகிளாக்ஸை முதற்சிகிச்சையில் சோதித்த சிஎல்எல்14 ஆய்வு அதைக் காட்டுவது மெய்தான். ஆனால் இடைவெளி எஞ்சியிருப்பதால் பழைய எண்ணுக்கு உயிர் வந்துவிடாது. இப்ரூட்டினிபை முதற்சிகிச்சையாகப் பெற்ற, டிபி53 கோளாறுடைய 34 பேரைப் பற்றிய 2020ஆம் ஆண்டு அறிக்கையில் ஆறாண்டு உயிர்வாழ்வு 79 சதவீதம்.

ஆக்லாந்தில் இந்த விவாதம் இன்னும் கூர்மையாகிறது. நியூசிலாந்தின் அரசு மருந்து நிதி முகமையான பார்மாக் 2019 டிசம்பரில் வெனெட்டோகிளாக்ஸுக்கு நிதியளிக்கத் தொடங்கியபோது, முதற்சிகிச்சையாக அதைப் பெற 17பி இழப்போ டிபி53 பிறழ்வோ இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. கிராஃப்டனில் உள்ள ஆக்லாந்து நகர மருத்துவமனைக்கு முதற்சிகிச்சைக்காக வரும் நோயாளிக்கு எந்த மருந்து என்பதை அந்த ஒற்றைச் சோதனை முடிவே பிரித்தது. டிபி53 சீராகவும் ஐஜிஹெச்வி என்ற மரபணு பிறழாமலும் இருந்தவருக்கு அந்த வாசல் திறக்கவில்லை; வேதிச்சிகிச்சையில் நெடுங்காலப் பயன் இவர்களுக்கும் குறைவாகவே கிட்டுகிறது. டெக்சாஸின் எம்.டி. ஆண்டர்சன் மையத்தில் எஃப்சிஆர் (ஃப்ளூடராபைன், சைக்ளோபாஸ்பமைடு, ரிட்டுக்சிமாப்) கூட்டுச் சிகிச்சை பெற்றவர்களில் 12.8 ஆண்டுகள் நோய் முற்றாமல் இருந்தோர் ஐஜிஹெச்வி பிறழ்ந்தவர்களில் 53.9 சதவீதம், பிறழாதவர்களில் 8.7 சதவீதம். ஆகவே 2019க்குப் பிந்தைய நியூசிலாந்துத் தரவில் டிபி53 பிறழ்ந்தோரையும் பிறழாதோரையும் ஒப்பிடுவோர் உண்மையில் இரு சிகிச்சைகளையும் சேர்த்தே ஒப்பிடுகின்றனர்.

டிபி53 வரிசையறிதலும் ஃபிஷ் சோதனையும் ஒவ்வொரு புதிய சிகிச்சைக்கு முன்பும் செய்யப்பட வேண்டும். முன்கணிப்பு எண்ணை அறிக்கையில் எழுதுவோர், அது எந்த மருந்தில், எந்த ஆண்டுத் தரவில் கிடைத்தது என்பதையும் அதே வரியில் எழுத வேண்டும்.