உக்கல் ஆணையும் விற்ற நிலத்தின் இறையும்

மாமண்டூரை அடுத்த உக்கல் பெருமாள் கோயிலில் முதலாம் இராசராசனின் 24ஆம் ஆட்சியாண்டு ஆணை ஒன்று உள்ளது. அவன் அரியணை ஏறியது 985இன் நடுப்பகுதி என்பதால் ஆணையின் காலம் 1008 அல்லது 1009. எதுவென்று அறுதியிடாமல் விடுகிறேன். 16ஆம் ஆண்டு முதல் 23ஆம் ஆண்டு வரை இறை செலுத்தாதவர்களின் நிலத்தை அந்தந்த ஊராரே கைக்கொண்டு விற்கலாம் என்பது அதன் சாரம். ஹுல்ஷ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில் வெளிவந்து நூறாண்டுக்கு மேலாகிவிட்டது.

வரலாற்றாசிரியர் பர்ட்டன் ஸ்டைன் 1980இல் வெளியிட்ட நூலில், சோழ அரசைக் கூறாக்க அரசு என்றார். ஆப்பிரிக்காவின் அலூர் மக்களைப் பற்றி எய்டன் சவுத்தால் வகுத்த கருத்து அது. அதன்படி மன்னனுக்கு இருந்தது பெரும்பாலும் சடங்குத் தலைமை. விளைச்சலும் வரியும் நாட்டார் கையிலும் பிராமண ஊர்ச் சபைகளின் கையிலும் நின்றன. மையப் பகுதிக்கு வெளியே மன்னனின் வரியதிகாரம் மெலிந்தது. உக்கல் ஆணையை இந்தச் சட்டகத்தில் வைத்தால், விற்பவர் ஊரார் என்பதே ஊரின் தன்னாட்சிக்குச் சான்றாகிவிடும். இதை என்னால் ஏற்க முடியவில்லை. விற்கும் கை ஊருடையது. விற்கச் சொன்ன வாய் மன்னனுடையது. அந்த ஆணை சோழநாட்டோடு நிற்காமல் தொண்டைநாட்டையும் பாண்டிநாட்டையும் சேர்த்தே பேசுகிறது. சடங்குத் தலைவன் ஒருவன் மூன்று நாடுகளிலும் எட்டாண்டு நிலுவையைக் கணக்கு வைத்திருக்க வேண்டிய தேவை என்ன? செயல்படுத்துபவரையே ஆணையிடுபவராகக் கொண்டதுதான் ஸ்டைன் வாசிப்பின் பிழை. வரிச் சொற்களைக் கல்வெட்டுகளில் எண்ணிப் பார்த்த வரலாற்றாய்வாளர்கள் கராஷிமாவும் சுப்பராயலுவும் வேறு வழியில் இதே இடத்துக்கு வந்தார்கள்.

ஆணை எந்த ஊர்களைச் சுட்டுகிறது என்பதில்தான் நான் அதிகம் நின்றேன். பிராமணர், வைகானசர், சிராவகர் (சமணர்) ஆகியோரின் ஊர்கள் மட்டுமே அதில் வருகின்றன. வேளாண் குடிகளின் வெள்ளான்வகை ஊர்கள் ஏன் இல்லை? அல்லூரையும் ஈசானமங்கலத்தையும் ஒப்பிட்ட கராஷிமா, பிராமண ஊரான ஈசானமங்கலத்தில் தனியார் நிலவுடைமையையும் மற்றதில் கூட்டுடைமையையும் கண்டார். தனியார் பங்கு இருக்கும் இடத்தில்தான் தனியொருவர் நிலுவை வைக்க முடியும். அவர் பங்கை மட்டும் பிரித்து விற்கவும் முடியும். இரண்டே ஊர்களை வைத்து எழுந்த முடிவின்மேல் இவ்வளவு பாரம் ஏற்றலாமா என்று கேட்பீர்கள். விடுபட்ட அந்த ஒரு வகைக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

விற்றபின் இறை யார் தலையில் விழுந்தது? கோயிலுக்கு நிலம் விற்கும் சபைகள் இறைகாவலாக ஒரு தொகையை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, அந்நிலத்தின் வரியைத் தாமே செலுத்த ஒப்புக்கொண்ட ஆவணங்கள் பல உண்டு. வாங்குபவருக்கு இறையிலி, அரசுக்கு வரவேண்டியது குறையவில்லை. நிலுவை விற்பனையிலும் இதே முறைதான் நடந்திருக்கும் என்பது என் ஊகம். பழைய பாக்கி விலையிலேயே கழிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் எட்டாண்டுச் சுமையோடு அந்த நிலத்தை யார் வாங்குவார்?

1864ஆம் ஆண்டின் இரண்டாவது சட்டமான சென்னை வருவாய் வசூல் சட்டம், பழைய சுமை வாங்குபவரைத் தொடராது என்பதை வெளிப்படையாகவே எழுதிவைத்தது. அதன் 42ஆம் பிரிவுப்படி, வரி நிலுவைக்காக ஏலம் போகும் நிலம் முந்தைய வில்லங்கங்கள் நீங்கியே கைமாறும். ஆனால் அங்கே விற்பவர் கலெக்டர். ஊர் வெறும் சாட்சி.

ஓரிடத்தில் வராத வரி பிறர்மேல் விழுவதை இன்றும் பார்க்கலாம். நான் குடியிருக்கும் லண்டன் இல்ஃபோர்டில், கடன் அடைபடாமல் வங்கி எடுத்துக்கொண்ட வீடு பூட்டிக் கிடக்கும்வரை அதற்கு கவுன்சில் டாக்ஸ் என்னும் உள்ளாட்சி வரி இல்லை. எல் பிரிவு விலக்கு அது. விலக்குப் பெற்ற வீடுகளைக் கழித்துத்தான் வரி அடித்தளம் கணக்கிடப்படுகிறது. அதனால் அந்த வீட்டின் பங்கு, திரட்ட வேண்டிய தொகை மாறாதவரை, நகராட்சியின் மற்ற வீடுகள்மேல் பரவுகிறது. உக்கல் ஆணை விற்கும் உரிமையை ஊராரிடம் கொடுத்ததன் காரணமும் இதுவாகவே இருக்கலாம்: ஒருவர் கட்டாத இறையை அதுவரை அவருடைய அண்டை நிலத்தார் சுமந்திருப்பார்கள்.

உக்கல் ஆணையில் நிலுவை ஏன் 16ஆம் ஆண்டிலிருந்து எண்ணப்படுகிறது? அது ஏறத்தாழ 1000–1001. இராசராசனின் பெரிய நில அளவையும் அந்த ஆண்டுகளை ஒட்டியே நடந்தது. அளந்து புதிதாக விதித்த இறையைத்தான் சிலர் கட்டாமல் விட்டார்கள் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அளவை ஒவ்வொரு நாட்டையும் எப்போது எட்டியது என்பது தெளியும்வரை அதை முடிவாக எழுதமாட்டேன்.