எண்ணெயில் மறைந்துறையும் மாசு

யந்திரசாலையிற் பல்லாண்டு பழகிய ஒருவரிடம் எண்ணெய் நன்றாயிருக்கின்றதா என்று கேட்டால், அவர் ஒரு துளியை எடுத்துப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்துத் தேய்ப்பார். பின்னர்ச் சிறிது எண்ணெயைப் போத்தலில் வார்த்து வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பார்ப்பார். நறநறப்பு இல்லை, கலங்கலும் இல்லை. ஆகவே எண்ணெய் சுத்தமானது என்பது அவர் தீர்ப்பு. அனுபவத்தில் எழுந்த அத்தீர்ப்பை எளிதிற் புறக்கணித்தல் ஆகாது. ஆயினும், மனிதக் கண் துணைக்கருவியின்றிக் காணக்கூடிய மிகச் சிறிய துணிக்கை ஏறத்தாழ 40 மைக்ரோன் அளவினது. மைக்ரோன் என்பது ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. யந்திரங்களைத் தேய்த்துக் கெடுக்கும் துணிக்கைகளோ பெரும்பாலும் இதனிலும் மிகச் சிறியவை. கண்ணும் விரலும் அறியாத இப்பகையைப் பொறியியலாளர் அறிந்துகொண்ட வரலாறே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

எண்ணெய் எவ்வாறு உராய்வைக் குறைக்கின்றது என்பதே 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை தெளிவாகவில்லை. 1883ஆம் ஆண்டிலே, இங்கிலாந்தின் இயந்திரப் பொறியியலாளர் நிறுவகத்தின் பொருட்டுப் பீச்சம் டவர் என்பவர் புகையிரத அச்சுகளைத் தாங்கும் உறுப்புகளைப் பற்றிச் சோதனைகள் நடத்தினார். எண்ணெய் விடுவதற்காகத் தாங்கியின் உச்சியில் ஒரு துளையிட்டார். அச்சுச் சுழலத் தொடங்கியதும் எண்ணெய் உள்ளே செல்வதற்குப் பதிலாக அத்துளைவழியே மேலே பொங்கிற்று. துளையை மரக்கட்டையால் அடைத்தார். கட்டை மெல்ல மெல்ல வெளியே தள்ளப்பட்டது. அமுக்கமானியைப் பொருத்திப் பார்த்தபோது, சதுர அங்குலத்திற்கு 200 இறாத்தலுக்கு மேற்பட்ட அமுக்கம் காணப்பட்டது. தாங்கியின்மீது இருந்த சராசரிச் சுமையோ 100 இறாத்தல் மட்டுமே. அச்சு இரும்பின்மேல் உருளவில்லை. எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதந்தது! மூன்று ஆண்டுகளின் பின் ஒஸ்போண் றெயினோல்ட்ஸ் இதற்குக் கணித விளக்கம் தந்தார். படலம் எவ்வளவு மெல்லியது என்பது தெரிந்த பின்னரே, அதனினும் பெரியதொரு மணல் அங்கே புகுந்தால் என்ன நிகழும் என்ற கேள்விக்குப் பொருள் உண்டாயிற்று.

ஆனால் அக்காலத்து யந்திரங்கள் பலவற்றிற்கு அக்கேள்வி அவ்வளவு பெரிதன்று. திரியாலும் துளியாலும் விடப்பட்ட எண்ணெய் ஒருமுறை தன் பணியைச் செய்து, அழுக்கையும் உடன்கொண்டு நிலத்தில் ஒழுகிப் போயிற்று. அது வீண்செலவுதான், எனினும் அதில் ஒரு தூய்மை இருந்தது. 1890இல் பேமிங்காம் நகரத்து பெலிஸ் தொழிற்சாலையைச் சேர்ந்த பெயின் என்பவர், பம்பியின் உதவியால் எண்ணெயை அமுக்கத்துடன் தாங்கிகளுக்குச் செலுத்தி, மீண்டும் தொட்டிக்கே கொணரும் முறைக்கு உரிமைப்பத்திரம் பெற்றார். வேகமாக ஓடும் நீராவி யந்திரங்களுக்கு அது பெரும்பேறாயிற்று. ஆனால் எண்ணெயோடு அழுக்கும் சுற்றி வரத் தொடங்கியது. தேய்ந்து விழும் உருக்குத் துகள் அடுத்த சுற்றில் வேறோர் இடத்தைத் தேய்க்கும். அங்கிருந்து மேலும் துகள்கள் பிறக்கும்.

இதற்கு முதலில் உதவியவற்றுள் ஒன்று பாற்பண்ணையிலிருந்து வந்த கருவி என்பது சுவையான செய்தி. சுவீடன் நாட்டுக் குஸ்ராவ் டி லவால் 1878இல் அமைத்த, பாலிலிருந்து ஆடையைப் பிரிக்கும் சுழற்பொறியின் தத்துவமே பிற்காலத்திற் கப்பல்களின் எண்ணெயிலிருந்து நீரையும் அழுக்கையும் பிரிக்கப் பயன்பட்டது. மோட்டார் வண்டிக்கோ வடிகட்டியே ஏற்றதாயிற்று. 1923இல் ஏர்ணஸ்ற் சுவீற்லன்ட் என்ற அமெரிக்கர் ஒன்றை உருவாக்கினார்; மறு ஆண்டு வெளிவந்த கிறைஸ்லர் வண்டியில் எண்ணெய் வடிகட்டி இடம்பெற்றது. அக்காலத்து வடிகட்டிகள் பல, ஓடும் எண்ணெய் முழுவதையும் வடிக்காமல் ஒரு பங்கை மட்டுமே வடித்தன.

எண்ணெயின் அமுக்கத்தால் இயங்கும் பொறிகள் வந்தபோது நிலைமை கடுமையாயிற்று. 1795இல் ஜோசெப் பிறாமா அமைத்த அமுக்கியில் வேலை செய்தது நீர். 1906ஆம் ஆண்டளவில் 'வேர்ஜினியா' என்னும் அமெரிக்கப் போர்க்கப்பலின் பீரங்கிகளை அசைக்க நீருக்குப் பதிலாக எண்ணெய் பயன்படுத்தப்பட்டது. இரண்டாம் உலக யுத்தத்தின் பின் விமானங்களிலும் ஏவுகணைகளிலும் மின் சமிக்ஞையால் ஆளப்படும் நுண்ணிய வால்வுகள் தோன்றின. அவற்றின் அசையும் உறுப்புக்கும் உறைக்கும் இடையேயுள்ள வெளி சில மைக்ரோன்களே. பெரிய துணிக்கை அவ்வெளியிற் புகமாட்டாது. மிகச் சிறியது தடையின்றிக் கடந்துவிடும். வெளிக்கு ஒப்பான அளவுடையதே உள்ளே சிக்கி அறுக்கின்றது. தொடக்கத்தில் வால்வை அசைக்கும் காந்தமும் எண்ணெயில் நனைந்தே இருந்தமையால், அது எண்ணெயிலிருந்த இரும்புத் துகளைத் தன்பால் ஈர்த்துக்கொண்டது. 1953இல் வொல்பின் என்பவர் காந்தப் பகுதியை எண்ணெயினின்றும் பிரித்து உலர்வாக வைத்தார்.

வடிகட்டி வாங்குவோர் அக்காலத்தில் எதனை நம்புவது? உறையில் '10 மைக்ரோன்' என்று அச்சிட்டிருக்கும். அது பெயரளவான எண். 10 மைக்ரோனிலும் பெரிய துணிக்கைகள் பல அதனைக் கடந்து சென்றன. ஒரு வியாபாரியின் பத்தும் மற்றொருவரின் பத்தும் ஒன்றல்ல. ஒக்லகோமா அரச பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் பிட்சும் அவர்தம் குழுவினரும் இதற்கு ஒரு முடிவு தேடினர். சுற்றியோடும் எண்ணெயில் அளவறிந்த தூசியை இடைவிடாது சேர்த்து, வடிகட்டிக்கு முன்னும் பின்னும் துணிக்கைகளை எண்ணினர். குறித்த அளவிலும் பெரியவை முன்னே 75 இருக்கப் பின்னே ஒன்றுதான் வருமாயின், அந்த அளவுக்கு வடிகட்டியின் விகிதம் 75. இம்முறை 1981இற் சர்வதேச நியமமாயிற்று. வியாபாரியின் சொல்லை எவரும் சோதித்துப் பார்க்கக்கூடிய எண்ணாக மாற்றியதே இவ்வரலாற்றின் பெருஞ்செயல் என்பது என் எண்ணம்.

அந்தச் சோதனைத் தூசி அரிசோனாப் பாலைநிலத்து மண். அதிற் பிறிதொரு பிழை ஒளிந்திருந்தது. அத்தூசியின் அளவுகளை 1960களில் ஒளி நுணுக்குக்காட்டியாற் கணித்திருந்தனர். மிகச் சிறிய மணிகள் பல அக்காட்டிக்கும் புலப்படவில்லை. 1990களில் இலத்திரன் நுணுக்குக்காட்டியால் மீண்டும் அளந்தபோது, 2 மைக்ரோன் எனப்பட்டது உண்மையில் 4.6 என்றும், 5 எனப்பட்டது 6.4 என்றும் தெரியவந்தது. 1999இல் நியமங்கள் திருத்தப்பட்டன. எண்ணெயின் தூய்மையை 4, 6, 14 மைக்ரோன் ஆகிய மூன்று அளவுகளில் எண்ணும் வழக்கம் அப்பொழுது வந்தது. எண்ணெய் மாறவில்லை, அளவுகோலே மாறிற்று.

நீரும் மாசுதான். 1977இற் கன்ட்லி என்பார் வெளியிட்ட ஆய்வின்படி, எண்ணெயிற் பத்திலட்சத்தில் 100 பங்கு நீர் இருக்கையில் ஓர் உருளைத் தாங்கிக்கு உள்ள ஆயுள், நீர் 400 பங்காகும்போது பாதிக்கும் குறைந்துவிடும். அந்த 400 பங்கு நீர் வேறெங்கிருந்தும் வரவேண்டியதில்லை. மாரிகாலத்தில் முற்றத்தில் நிமிர்த்தி வைத்த பீப்பாவின் தலையில் மழைநீர் தேங்கும்; பகலில் வெப்பத்தால் உள்ளிருக்கும் வளி விரியும்; இரவிற் குளிர்ந்து சுருங்கும்பொழுது, இறுக மூடியதாக நாம் எண்ணிய மூடியின் விளிம்பால் அந்நீரை உள்ளே இழுக்கும். உடைக்காத புதிய பீப்பாவின் எண்ணெயும் நுண்ணிய வால்வுகளுக்கு வேண்டிய தூய்மையில் இராதது வழமை. ஆதலால் அதனைத் தொட்டியில் ஊற்றும்போதே வடிகட்டியினூடாகச் செலுத்துகின்றனர். பீப்பாவைக் கூரையின்கீழ் வைக்க இடமில்லையாயின், இரு மூடிகளும் ஒரே மட்டத்தில் இடமும் வலமுமாக அமையும்படி அதனைக் கிடத்தி வைப்பர். அப்பொழுது மூடிகள் உட்புறத்தில் எண்ணெயால் மூடப்பட்டிருக்கும். நீர் தேங்கவும் இடமில்லை.