மகஜர்

காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் புழங்கும் ‘மகஜர்’, அரபுச் சொல். பாரசீக வழியாக நமக்கு வந்தது. வேர்ப்பொருள், முன்னிலை. ‘ஆஜர்’ என்பதும் அதே வேரில் கிளைத்ததுதான். இலங்கையில் மகஜர் என்றால் கோரிக்கை மனு. தமிழ்நாட்டு வழக்குகளிலோ, சோதனையும் கைப்பற்றலும் நடந்ததைச் சாட்சிகள் முன்னிலையில் எழுதும் ஆவணம். வாரண்ட் வீட்டுக்குள் நுழைய அனுமதி தரும். உள்ளே நடந்ததை மகஜர்தான் சொல்லும். ஆகவேதான் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 103ஆம் பிரிவு, சார்பற்ற, மதிப்புக்குரிய இருவராவது உடனிருக்கச் சொல்கிறது. நிலையத்தில் உட்கார்ந்து எழுதி, பிறகு கையெழுத்து வாங்கிய தாளை மகஜர் என்று அழைக்கவே கூடாது. கைப்பற்றிய பொருள்களின் பட்டியலில் சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். அதன் நகலைப் பெறுவது வீட்டாரின் உரிமை.