ஸ்துதியர்: ஒரு பட்டத்தின் வரலாறு

பழைய திருச்சபை நாள்காட்டிகளில் புனிதர் பெயர்களை அடுத்து 'வேதசாட்சி', 'கன்னிகை', 'ஸ்துதியர்' என்னும் பட்டங்களைக் காண்கிறோம். முதல் இரண்டும் எளிதில் விளங்குவன. ஸ்துதியர் யார்? இறைவனைத் துதிப்பவர் என்றே நம்மில் பலர் எண்ணியிருப்போம். அப்பொருளும் தவறன்று. ஆயினும் இதற்குரிய இலத்தீன் சொல்லான 'கொன்பெஸ்ஸோர்' என்பதன் வேர் உரோமை நீதிமன்றத்தில் வழங்கியது. நடுவர் முன் தன் வாயாலேயே ஒப்புக்கொள்வதை அது குறித்தது. ஒப்புக்கொண்டவர் தீர்ப்புப் பெற்றவருக்குச் சமம் என்பது உரோமைச் சட்டம்.

கி.பி. 112-ஐ ஒட்டி, பித்தினியா நாட்டு ஆளுநர் பிளினி, பிடிபட்டோரிடம் 'நீ கிறிஸ்தவனா?' என்று மும்முறை கேட்டார். ஆம் என்பதில் நிலைத்தவர்களைக் கொலைக்களத்துக்கு அனுப்பினார். 180, ஜூலை 17 அன்று கார்த்தேஜ் நகரில் ஸ்பெராத்துஸ் முதலிய 12 பேருக்கு, சிந்தித்துப் பார்க்க 30 நாள் தவணை தர ஆளுநர் முன்வந்தார். அவர்கள் அதை ஏற்கவில்லை, தலை கொடுத்தார்கள். மற்றக் குற்றவாளிகளை ஒப்புக்கொள்ளச் செய்யவே வதைக்கிறீர்கள், எங்களை மட்டும் மறுக்கச் செய்ய வதைக்கிறீர்கள் என்று 197-ஐ ஒட்டி தெர்த்துல்லியன் சுட்டிக்காட்டினார்.

250-இல் பேரரசன் தேசியுஸ், யாவரும் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றுச் சீட்டுப் பெறவேண்டும் என ஆணையிட்டான். பலியிடாமலே காசு கொடுத்துச் சீட்டு வாங்கிய கிறிஸ்தவரும் உண்டு. சிறையில் வாடியும் மறுதலியாமல் உயிர் தப்பியவர்களையோ திருச்சபை 'கொன்பெஸ்ஸோர்' எனப் போற்றியது. கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் அவர்களைப் புகழ்ந்தார். அதோடு, அவர்களுள் சிலர் செருக்குற்று நெறி தவறியதைக் கண்டு கடிந்தும் எழுதினார். நடுவர் முன் சொன்ன சொல்லை, விடுதலைக்குப் பின் வாழ்க்கையும் காக்கவேண்டும் அன்றோ?

313-இல் சமய உரிமை கிடைத்தபின் அத்தகைய விசாரணைகள் அருகின. பட்டமோ மறையவில்லை, 397-இல் இறந்த தூர் நகர் மார்ட்டின் போன்று, வாழ்வையே வாக்குமூலமாக்கியவர்களுக்கு உரியதாயிற்று. 1969-இல் திருத்தப்பட்ட உரோமை நாள்காட்டி அதனைக் கைவிட்டது.

பட்டம் போனாலும் கடமை போகவில்லை. ஞாயிறுதோறும் விசுவாச அறிக்கையை நாம் அச்சமின்றிச் சொல்கிறோம். அங்கே நம்மை விசாரிப்பார் இல்லை. கேள்வி எழுவது திங்கட்கிழமை: பொய்க் கணக்கில் கையொப்பம் கேட்கும்போது, பெண் பார்க்கும் வீட்டில் சாதி விசாரிக்கும்போது. பேதுருவையும் மும்முறை கேட்டார்கள். கேட்டவர்கள் நடுவர் அல்லர். வாயில்காத்த பணிப்பெண்ணும், முற்றத்தில் குளிர்காய்ந்து நின்றவர்களுமே.