எடை இறங்கும் வேகம்

கி.பி. 10ஆம் நூற்றாண்டிலே, ஸ்பெயின் தேசத்தின் வடபாலிருந்த லெயோன் இராச்சியத்தைச் சாஞ்சோ என்னும் மன்னன் ஆண்டான். 'பருத்தவன்' என்பது வரலாறு அவனுக்குச் சூட்டிய அடைமொழி. குதிரை ஏறவும் வாள் ஏந்தவும் இயலாதவாறு அவனுடைய உடல் பெருத்திருந்தது. 958ஆம் ஆண்டளவில் பிரபுக்கள் அவனை அரியணையினின்றும் இறக்கினர். அவனுடைய பாட்டியாராகிய நவார் நாட்டு அரசி தோதா, கொர்தோபா நகரிலிருந்து அரசாண்ட கலீபா மூன்றாம் அப்துர் ரகுமானின் உதவியை நாடினார். கலீபாவின் அவையில் விளங்கிய யூத வைத்தியராகிய ஹஸ்தாய் இப்னு ஷப்ரூத் மன்னனுக்குச் சிகிச்சை செய்தார். மன்னன் மெலிந்தான், கலீபாவின் படைத்துணையோடு மீண்டும் முடிசூடினான். வைத்தியர் அவனுடைய வாயைத் தைத்துவிட்டு நீராகாரம் மட்டுமே புகட்டினார் என்பது பிற்காலத்தார் கட்டிய கதை.

அக்கதை மெய்யோ பொய்யோ, அதனுள்ளே ஒரு நம்பிக்கை பொதிந்திருக்கின்றது. வாயை அடைத்தால் உடல் மெலியும் என்பதே அந்த நம்பிக்கை. 'எரிவதைப் பிடுங்கினால் கொதிப்பது அடங்கும்' என்று நம்மவரும் கூறுவர். இதிலிருந்து இன்னொரு முடிவும் பிறந்தது. ஒருவன் மெலியவில்லையாயின் அவன் வாயை அடக்காதவன். விரைவாக மெலிந்து பின்பு தேங்கி நின்றானாயின் அவன் மனவுறுதி குலைந்தவன். இத்தீர்ப்பைப் பருத்த உடலுடையோர் தலைமுறை தலைமுறையாகத் தம் வீட்டாரிடமும் ஊராரிடமும், சில வேளைகளில் வைத்தியரிடமுங்கூடக் கேட்டுவந்தனர். இருபதாம் நூற்றாண்டின் நடுவிலேதான் அத்தீர்ப்பு தராசுத் தட்டில் வைத்து நிறுக்கப்பட்டது.

அந்த நிறுவை அமெரிக்காவிலுள்ள மினெசோட்டாப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிற்று. இரண்டாம் உலகப் போர் முடிவை நெருங்கிய காலம் அது. ஐரோப்பாவிலே பட்டினியால் நலிந்தோரை எவ்வாறு மீட்பது என்பதை அறிய விரும்பினார் பேராசிரியர் அன்சல் கீஸ். போரிற் சேர மனச்சாட்சி இடங்கொடாத இளைஞர் 36 பேர் தாமாகவே முன்வந்தனர். 1945ஆம் ஆண்டு பெப்ரவரி முதல் 24 வாரங்கள் அவர்கள் அரைப் பட்டினி கிடந்தனர். உருளைக்கிழங்கும் கோசும் ரொட்டியுமாக நாளொன்றுக்கு இரு வேளை உணவு. வாரந்தோறும் 22 மைல் நடை. முடிவிலே தம் எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கை இழந்தனர்.

அவர்கள் இழந்த விதமே ஈண்டுக் கவனிக்கத்தக்கது. முதல் வாரங்களில் எடை மளமளவென்று இறங்கிற்று. வாரங்கள் செல்லச் செல்ல இறக்கம் தளர்ந்தது. இறுதியில் உடல் ஒரு நிலையில் நின்றுவிட்டது. உணவைக் கொடுத்தவரும் நிறுத்தவரும் ஆய்வாளரே. ஆகையால், மன உறுதி குறைந்தமையால் எடை நின்றது என்று சொல்வதற்கு இடமே இல்லை. நின்றமைக்குக் காரணம் உடல். நாடித் துடிப்பு மந்தமாயிற்று, கைகால்கள் குளிர்ந்தன, ஓய்ந்திருக்கும்போது உடல் செலவிடும் சக்தி ஏறக்குறைய 5இல் 2 பங்கு குறைந்தது. மனமோ இரவும் பகலும் உணவையே நினைத்தது. சமையற் புத்தகங்களை விரும்பிப் படித்தவரும் அவர்களுள் இருந்தனர். வருவாய் குறைந்த குடும்பத் தலைவன் செலவைச் சுருக்குவது போல உடலும் தன் செலவைச் சுருக்கிக்கொள்கின்றது என்பதை உலகம் அறிந்தது. அவ்வாய்வு 1950இல் இரண்டு பெருந்தொகுதிகளாக வெளிவந்தது.

இளைஞர் பட்டினி கிடந்த அதே பல்கலைக்கழகத்திலே, பத்து ஆண்டுகள் செல்லுமுன் வேறொரு முயற்சி நடைபெற்றது. ஆர்னால்ட் கிரெமன் என்னும் சத்திரவைத்தியரும் அவர்தம் தோழரும் நாய்களின் சிறுகுடலில் எந்தப் பகுதி எந்த உணவுச் சத்தை ஈர்க்கின்றது என்பதை ஆராய்ந்தனர். கடைப் பகுதியை நீக்கினால் கொழுப்பு ஈர்க்கப்படுவது தடைப்படுகின்றது, எடை குறைகின்றது எனக் கண்டனர். 1954இல் இவ்வாய்வை அவர்கள் வெளியிட்டபோது, ஒரு நோயாளிக்குச் சிறுகுடலின் பெரும் பகுதியை விலக்கி, மேற்குடலைக் கடைக்குடலோடு இணைத்த செய்தியும் வெளிவந்தது. எடை குறைப்பதற்கென்றே செய்யப்படும் சத்திரசிகிச்சையின் வரலாறு பெரும்பாலும் இங்கிருந்தே சொல்லப்படுகின்றது.

கலிபோர்னியாவில் பெய்ன், டிவிண்ட் என்னும் வைத்தியர்கள் இம்முறையை விரிவாகக் கையாண்டனர். ஏறக்குறைய 20 அடி நீளமுள்ள சிறுகுடலில் மேற்பகுதியில் 14 அங்குலத்தையும் கடைப்பகுதியில் 4 அங்குலத்தையும் மட்டுமே உணவு செல்லும் வழியாக விட்டனர். 1969இல் அவர்கள் விவரித்த இம்முறை பல வைத்தியசாலைகளுக்குப் பரவியது. எடை விரைவாக இறங்கிற்று. பல ஆண்டுகள் உணவுக் கட்டுப்பாட்டோடு போராடித் தோற்றவர்கள் சில மாதங்களிலேயே வேறு மனிதராயினர்.

அந்த வேகத்திற்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. ஓயாத வயிற்றோட்டம், சிறுநீரகக் கற்கள், மூட்டு வீக்கம், உடலுப்புக்களின் குறைவு, எல்லாவற்றிலும் கொடியதாய் ஈரல் பழுது எனத் துன்பங்கள் தொடர்ந்தன. சிலர் உயிரிழந்தனர். பலருக்கு மீண்டும் வயிற்றைத் திறந்து குடலைப் பழையபடி இணைக்க நேர்ந்தது. இணைத்தபின் அவர்களுடைய எடை பழைய நிலையை நோக்கி ஏறிற்று. 1980ஆம் ஆண்டளவில் இம்முறை பெரும்பாலும் கைவிடப்பட்டது. விரைவாக இறங்கும் எடை எல்லாம் நன்மையே என்ற எண்ணமும் அதனோடு உடைந்தது.

எனினும், தோற்ற அம்முறையும் இரண்டு உண்மைகளை விட்டுச் சென்றது. எஞ்சிய சிறு குடல் நாளடைவில் நீண்டும் தடித்தும் தன் வேலையைப் பெருக்கிக்கொண்டது. எடை இறக்கம் தளர்ந்தமைக்கு அது ஒரு காரணம். மற்றது எவரும் எதிர்பாராதது. நோயாளிகள் உண்ட உணவை அளந்து பார்த்தபோது, அவர்கள் முன்னையினும் குறைவாகவே உண்டமை தெரியவந்தது. வாய் தைக்கப்படவில்லை, இரைப்பை சுருக்கப்படவில்லை, குடல்வழி மட்டுமே மாறியிருந்தது. அவ்வாறிருக்கப் பசி ஏன் குறைந்தது? இக்கேள்விக்கு விடை கிடைக்க மேலும் பல ஆண்டுகள் சென்றன.

இதற்கிடையில் அயோவாப் பல்கலைக்கழகத்துச் சத்திரவைத்தியர் எட்வர்ட் மேசன் வேறு வழியிற் சிந்தித்தார். அவரும் மினெசோட்டாவிலே பயிற்சி பெற்றவர். குடற்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதி நீக்கப்பட்டோர், விரும்பினாலும் எடை கூட இயலாது வருந்துவதை அவர் கண்டிருந்தார். அவர்களுக்குத் தீங்காக அமைந்தது, பருத்தவருக்கு மருந்தாகலாம் அன்றோ? 1966இல் இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாகப் பிரித்து, அதனைச் சிறுகுடலோடு நேரே இணைத்தார். இன்று உலகெங்கும் செய்யப்படும் இரைப்பை மாற்றுவழிச் சிகிச்சைக்கு இதுவே மூலம். 1977இல் கென்டக்கிப் பல்கலைக்கழகத்து வார்ட் கிரிஃபன் இரு முறைகளையும் ஒப்பிட்டார். ஓராண்டு முடிவில் எடை இழப்பு ஏறக்குறைய ஒத்திருந்தது. ஆனால் பிற்காலத் தீங்குகள் குடல் குறுக்கப்பட்டோரிடத்திலேயே மிகுந்திருந்தன. எவ்வளவு இறங்கிற்று என்பதோடு எவ்வாறு இறங்கிற்று என்பதையும் வைத்தியம் கேட்கத் தொடங்கியது.

1990களில் மற்றொரு மாற்றம் வந்தது. கலிபோர்னியாவில் அலன் விட்குரோவும் அவர்தம் தோழரும், வயிற்றைப் பெரிதாக வெட்டாது, சிறு துளைகளினூடே கருவிகளைச் செலுத்தி இச்சிகிச்சையைச் செய்து 1994இல் வெளியிட்டனர். அவ்வாறு செய்யும்போது இரைப்பையின் மேலே கவிந்திருக்கும் ஈரலை உயர்த்தவேண்டும். பருத்தவர் பலருக்கு ஈரலிலே கொழுப்பேறி அது பெருத்தும் எளிதில் கிழியக்கூடியதாகவும் இருக்கும். ஆகவே சிகிச்சைக்குமுன் ஏறக்குறைய இரண்டு வாரம் மிகக் குறைந்த உணவு கொடுக்கும் வழக்கம் ஏற்பட்டது. ஈரல் விரைவிலேயே சுருங்கும். எடையும் விரைந்து இறங்கும்.

இந்த முதல் இறக்கத்தைக் கண்டு மயங்குதல் ஆகாது. உடல் தன் அவசரத் தேவைக்காக ஈரலிலும் தசைகளிலும் கிளைக்கோசன் என்னும் மாப்பொருளைச் சேமித்து வைத்துள்ளது. அதன் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் நீரைத் தன்னோடு பிடித்துவைத்திருக்கும். உணவு குறைந்தவுடன் அச்சேமிப்பு கரைகின்றது, நீரும் வெளியேறுகின்றது. முதல் வாரத்து எடையிழப்பிற் பெரும்பகுதி இந்த நீரே. பின்னர்க் கொழுப்பு கரையும்போது வேகம் இயல்பாகவே குறையும். முதல் வாரத்தை அளவுகோலாகக் கொண்டு மூன்றாம் வாரத்தைப் பழிப்பது, மாரிகாலத்து ஆற்றைக் கண்டவன் கோடைகாலத்து ஆற்றைப் பழிப்பதை ஒக்கும்.

ஆயினும் அமெரிக்காவிலே காப்புறுதி நிறுவனங்கள் பல இந்தப் பழிப்பையே விதியாக்கின. சிகிச்சைக்குப் பணம் தருமுன், நோயாளி பல மாதங்கள் உணவுக் கட்டுப்பாட்டில் இருந்து எடை குறைத்துக் காட்டவேண்டும் என்றன. முன்னே மெல்ல இறங்கியவன் பின்னேயும் தேறான் என்ற எண்ணம் அதனுள் இருந்தது. காத்திருந்த காலத்தில் நீரிழிவும் இருதய நோயும் காத்திருக்கவில்லை. இத்தகைய கட்டாயத்திற்கு அறிவியல் ஆதாரமில்லை என்று 2016இல் அமெரிக்கச் சத்திரவைத்தியர் சங்கமே அறிக்கை விடுத்தது. ஈரலைச் சுருக்கவேண்டி வைத்தியர் விதிக்கும் இரண்டு வாரப் பத்தியம் வேறு. மனிதனின் தகுதியை அளக்கவேண்டிப் பணம் கொடுப்போர் விதிக்கும் பல மாதச் சோதனை வேறு.

சிகிச்சைக்குப் பின்னர் எடை எவ்வாறு இறங்குகின்றது என்பதை நெடுங்காலம் பின்தொடர்ந்தவர்கள் சுவீடன் நாட்டு ஆய்வாளர். 1987இல் தொடங்கிய அவ்வாய்விலே 4,047 பேர் இடம்பெற்றனர். அவர்களுள் ஏறக்குறைய பாதிப் பேர் சத்திரசிகிச்சை பெற்றனர். ஏனையோர் வழக்கமான சிகிச்சை பெற்றனர். லார்ஸ் ஷோஸ்ட்ரோம் தலைமையில் 2007இல் வெளிவந்த முடிவுகள் தெளிவானவை. சத்திரசிகிச்சை பெற்றோரின் எடை முதல் இரண்டு ஆண்டுக்குள்ளேயே மிகத் தாழ்ந்த நிலையை அடைந்தது. இரைப்பை மாற்றுவழி பெற்றோர் நூற்றுக்கு 32 வீதத்தையும், இரைப்பையில் வளையம் பூட்டப்பெற்றோர் நூற்றுக்கு 20 வீதத்தையும் இழந்தனர். அதன்பின் எடை சிறிது ஏறிற்று. பத்தாம் ஆண்டில் முன்னையோரின் இழப்பு 25 வீதமாகவும் பின்னையோரின் இழப்பு 14 வீதமாகவும் நிலைத்தது. வழக்கமான சிகிச்சை பெற்றோரின் எடையோ அவ்வாண்டுகளிலெல்லாம் நூற்றுக்கு 2 வீதத்துக்குமேல் மாறவில்லை. சத்திரசிகிச்சை பெற்றோரிடையே மரணமும் குறைந்திருந்தது.

இவ்விரு கூட்டத்தாரும் ஒரே நாட்டவர்; ஒத்த வயதினர்; ஒத்த உடலினர். ஒரு கூட்டத்தார்க்கு மனவுறுதி ஓரிரவில் முளைத்து, மற்றக் கூட்டத்தார்க்கு முளையாது போயிற்று என்று எவரும் கூறார். அவ்வாறாயின் மாறியது எது?

1999இல் ஜப்பானிய அறிஞர் கோஜிமாவும் கங்காவாவும் இரைப்பையிலிருந்து சுரக்கும் கிரெலின் என்னும் ஓமோனைக் கண்டறிந்தனர். அது பசியைத் தூண்டுவது. 2002இல் டேவிட் கமிங்ஸ் என்பவரும் தோழரும் அதனை அளந்தனர். ஆறு மாதம் உணவைக் குறைத்துத் தம் எடையில் நூற்றுக்கு 17 வீதத்தை இழந்தோரின் குருதியில் கிரெலின் 24 வீதம் கூடியிருந்தது. மெலிந்த அளவுக்குப் பசி பெருகிற்று. இரைப்பை மாற்றுவழி பெற்ற சிலரிடத்திலோ, பெரிதும் மெலிந்தும் அது மிகத் தாழ்ந்திருந்தது. கிரெலினைப் பற்றிப் பின்வந்த ஆய்வுகள் யாவும் ஒரே விதமாக முடியவில்லை. ஆனால் உணவு கடைக்குடலை விரைந்து சென்றடைவதால், நிறைவுணர்ச்சியைத் தரும் வேறு குடல் ஓமோன்கள் சிகிச்சைக்குப்பின் மிகுகின்றன என்பது உறுதியாயிற்று. குடல் குறுக்கப்பட்டோரின் பசி குறைந்த புதிருக்கும் இதிலே விளக்கம் உண்டு. சத்திரவைத்தியரின் கத்தி குடலை மட்டும் மாற்றவில்லை. குடலுக்கும் மூளைக்கும் இடையே நடக்கும் உரையாடலையும் மாற்றியது.

ஆகவே சிகிச்சைக்கு முன்னர் எடை ஓர் வேகத்திலும் பின்னர் மற்றொரு வேகத்திலும் இறங்குவதில் வியப்பில்லை. முன்னே உடல் தன்னைக் காக்கப் பசியைப் பெருக்கிச் செலவைச் சுருக்குகின்றது. உண்பவர் தம் உடலோடு ஒவ்வொரு நாளும் மல்லாடுகின்றார். பின்னே அந்தப் போரின் கடுமை தணிகின்றது. தணிந்தபோதும், ஓராண்டு இரண்டாண்டிலே உடல் புதியதோர் எல்லையிற் சென்று நிற்கின்றது. அவ்வாறு நிற்பது தோல்வியன்று, உடலின் இயல்பு.

ஆயிரம் ஆண்டுகளுக்குமுன் லெயோன் நாட்டுப் பிரபுக்கள் மன்னனின் உடலைப் பார்த்து அவன் ஆளத் தகாதவன் என்று தீர்த்தனர். நம் வீடுகளிலும் பாடசாலைகளிலும் அத்தகைய தீர்ப்புகள் முற்றாக ஒழிந்துவிடவில்லை. பருத்த பிள்ளையைப் பெயர் சூட்டி நகைக்கும் வாய்களும், மெலிய முயன்று இளைப்பாறி நிற்பவரைப் பார்த்து 'விட்டுவிட்டாயா?' என்று வினவும் வாய்களும் நம்மிடையே உள்ளன. சாஞ்சோவின் கதையிலே தைக்கப்பட்டது மன்னனின் வாய். உண்மையில் அடக்கப்படவேண்டியது அவனைப் பழித்த வாய்களே.